பிளவுக்குப் பங்கு

எங்கள் கடலோரக் கிராமம் குவானில்யாவில் இறங்கி, ஒனோஃப்ரே தாப்பியாவின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, திருடனா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டி வழி காட்டுவார்கள். அதில் கோபம்கூட இருக்காது. ரொட்டிக்கடை எங்கே என்று கேட்டால் சொல்வார்களே, அந்த மாதிரி. கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. அந்த மனுஷன் என்னத்தைத் திருடினார் என்று ஒருத்தனாவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும் பார்ப்போம். கடலில் இல்லாததைத் திருடினார் என்று பேர் வாங்கினார். எப்படி வாங்கினார் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் சுனில்டா. ஒனோஃப்ரே எனக்குப் பெரியப்பா மகன். அவர் கடலுக்குள் இறங்கும்போதெல்லாம் படகில் உட்கார்ந்து மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். படகில் கம்ப்ரசர் ஓடும். மஞ்சள் ரப்பர் குழாய் வழியாகக் காற்று அவர் வாய்க்குப் போகும். குழாய் பாறையில் சிக்காமல், முறுக்கிக்கொள்ளாமல், அவர் நகர நகர விட்டுக்கொடுக்க வேண்டும். திரும்பினால் இழுத்துக்கொள்ள வேண்டும். பொம்பளை குழாய் பிடித்தால் விளங்காது என்று ஆரம்பத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். "நீங்க பேசுறப்ப வர்ற காத்தைவிட அவ விடுற காத்து சுத்தமா இருக்குடா" என்று ஒனோஃப்ரே ஒரே போடாகப் போட்டார்.

எங்கள் பிழைப்பு லோக்கோ. பாறையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒற்றை ஓட்டுப் பிராணி. உள்ளே கைமுட்டி அளவுக்கு வெள்ளைச் சதை. பழைய டயர்த் துண்டுக்குள் போட்டு அடி அடியென்று அடித்து வேகவைத்தால் வெண்ணெய். அடிக்காமல் வேகவைத்தால் செருப்பு. ஒருகாலத்தில் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றிருந்தது. வெளிநாட்டுக்குப் போகிறது என்று லாரி லாரியாக வந்து நின்றார்கள், பாறையை வழித்தெடுத்தார்கள். பிறகு அரசாங்கம் மொத்தமாகப் பூட்டுப் போட்டது. பட்டினி கிடந்தோம். அப்புறம்தான் ஊருக்கு ஊர் கடலில் ஒரு துண்டைச் சங்கத்தின் கையில் கொடுத்தார்கள். நீங்களே காவல் காத்துக்கொள்ளுங்கள், ஆனால் வருஷா வருஷம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிக் காட்டுங்கள், அதைப் பார்த்து எத்தனை பிடிக்கலாம் என்று தலைநகரத்திலிருந்து சொல்கிறோம் என்றார்கள். முனையிலிருந்து கடல்சிங்கப் பாறை வரைக்கும் எங்களுக்கு வந்தது. சங்கக் கடல் என்போம்.

எண்ணுவது ஒனோஃப்ரேயின் வேலை. சங்கத்தில் அவரைவிட நன்றாக மூழ்குகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் எண்ணிக்கைக்கு ஆகமாட்டார்கள். கீழே போனால் நல்லதொரு லோக்கோவைக் கண்டதும் கை தானாக நெம்பியெடுக்கும் கொக்கிக்குப் போய்விடும். ஒனோஃப்ரேயால்தான் தொடாமல் பார்க்க முடியும். கடலடியில் கயிறு ஒன்றை நீட்டிப் போடுவார். இரும்புச் சட்டம் ஒன்றைக் கயிற்றோரமாக எடுத்து எடுத்து வைத்து, சட்டத்துக்குள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே போவார். மேலே வந்ததும் எண்ணைச் சொல்வார். அளந்து பார்க்க மட்டும் கொஞ்சம் கொண்டுவருவார். அளந்ததும் திரும்ப அதே பாறையில் கொண்டுபோய் உட்காரவைப்பார். எறிந்துவிட்டால் என்ன என்று கேட்டால், "மல்லாக்க விழுந்தா நட்சத்திர மீன் தின்னுரும்மா" என்பார்.

நாங்கள் எண்ணுவதைக் கணக்காக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பும் கம்பெனியிலிருந்து வருபவள் ரெனாத்தா. நல்ல படிப்பு, நல்ல பெண், சிரித்த முகம். முதல் வருஷங்களில் அவளும் கூடவே இறங்கினாள். பிறகு காதுக்குள் சவ்வு கிழிந்து, இனிமேல் மூழ்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து படகிலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். கீழே அவளுக்குக் கண்ணாக இருந்தது ஒனோஃப்ரே.

இப்போது பிளவுப் பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாறையெல்லாம் வெட்டுக்காயம் பட்ட மாதிரி பிளவு பிளவாக இருக்கும். லோக்கோ அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது. ரெனாத்தா இறங்குவதை நிறுத்திய வருஷம், சங்கத் தலைவர் அபெலார்தோ கரையிலேயே ஒனோஃப்ரேயை ஓரங்கட்டினார்.

"ஒனோஃப்ரே, கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் சொன்னா நட்டம் நமக்குத்தான். பிளவுக்குள்ள கிடக்குறது எவன் அப்பன் வீட்டுச் சொத்து? அதுவும் நம்மளுதுதானே? அதுக்கும் ஒரு பங்கு சேர்த்துச் சொல்லுப்பா."

"எவ்வளவுண்ணே சேர்க்கிறது? வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியுமா?"

"கைய விட்டுப் பாரு. இருக்குறதைச் சொல்லு. பொய்யா சொல்லச் சொல்றேன்?"

ஒனோஃப்ரே கையை விட்டுப் பார்த்தார். உள்ளே முள்பந்து மாதிரி ஒட்டிக்கிடக்கும் கடல்முள்ளி குத்திக் கையெல்லாம் கறுத்து வீங்கியது. வெளியே இரண்டு இருந்தால் உள்ளே ஒன்று இருந்தது. அன்றைக்கு அது உண்மை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அதிலிருந்து இரண்டுக்கு ஒன்று சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கமானது. இரண்டு பார்த்தால் மூன்று. ரெனாத்தாவிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. உப்புப் போட்டுத்தான் சமைக்கிறோம் என்று விருந்தாளியிடம் போய்ச் சொல்வோமா? அந்த மாதிரி இருந்துவிட்டது.

ஆனால் பிளவுக்குள் இருப்பதுதான் பெரியது. பிடிக்கிற காலம் வந்தால் முதலில் அதைத்தான் கொக்கியை விட்டு நெம்புவார்கள். இரண்டு மூன்று பருவத்தில் பிளவெல்லாம் காலி. பங்கு மட்டும் அப்படியே நின்றது.

ஒனோஃப்ரேக்கு இது எப்போது உறைத்தது என்று எனக்குத் தெரியும். குழாய் சொல்லும். எண்ணும்போது அவர் அசைவு சீராக இருக்கும். கொஞ்சம் போவார், நிற்பார், கொஞ்சம் போவார், நிற்பார். அந்த வருஷம் நிற்கவே இல்லை. குழாய் போய்க்கொண்டே இருந்தது. எண்ணுவதற்கு ஒன்று இருந்தால்தானே நிற்பதற்கு? மேலே வந்து முகமூடியைக் கழற்றியவர், ரெனாத்தாவைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி ஒரு எண்ணைச் சொன்னார். சின்ன எண். படகோட்டிக்கொண்டிருந்த அபெலார்தோ துடுப்பைப் போட்டுவிட்டார்.

"என்னப்பா ஒனோஃப்ரே, உடம்பு சரியில்லையா? தண்ணி கலங்கலா? சரியாப் பார்த்தியா?"

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குண்ணே. பார்த்ததைத்தான் சொல்றேன்."

"ஏதோ விட்டுட்ட மாதிரி இருக்கே?"

"இல்லாததை விட முடியாதுண்ணே."

அபெலார்தோ முகத்தில் ஈயாடவில்லை. ரெனாத்தா பென்சிலைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மதியம் சாப்பாட்டுக்குக் கரையேறினோம். அபெலார்தோ வீட்டுக்குப் போனதும், வறுத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்த ஒனோஃப்ரே ரெனாத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பிளவுப் பங்கு எப்படி வந்தது, எத்தனை வருஷமாகச் சேர்க்கிறோம், இப்போது பிளவுக்குள் முள்ளி மட்டும்தான் இருக்கிறது, எல்லாம்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, நீங்க சொல்றது பார்த்த எண்ணிக்கைன்னு நினைச்சு, ஒளிஞ்சிருக்கறதுக்குன்னு ஆபீஸ்ல நாங்களும் தனியா சேர்க்கிறோமே!"

"நீங்களுமா?"

"நாங்களும்தான்."

பங்குக்கு மேல் பங்கு. பாறையில் இரண்டு இருந்தால் காகிதத்தில் கிட்டத்தட்ட நான்கு. அந்த நான்கை நம்பித்தான் எங்களுக்கு அனுமதி வந்தது. அந்த அனுமதியை நம்பித்தான் நாங்கள் கடலைச் சுரண்டினோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பதிலாக வரும் சிரிப்பு.

"இப்பவாவது உள்ளதை எழுதும்மா," என்றார் ஒனோஃப்ரே. "ரெண்டு வருஷம் பூட்டிப் போட்டா திரும்ப வந்துரும். குஞ்சு இருக்கு, பார்த்தேன். விரல் நகம் சைஸுக்கு நிறைய இருக்கு."

"ஒரேயடியா இப்படி விழுந்தா ஏன்னு கேப்பாங்கண்ணே. பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தோண்டுவாங்க. என் வேலை போகும், அது கிடக்கட்டும். பொய்க் கணக்குக் குடுத்த சங்கம்னு உங்க கடலையே பிடுங்கிருவாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கலாம். இந்த வருஷம் மட்டும் சும்மா இருங்கண்ணே. கும்பிட்டுக் கேக்குறேன்."

ஒனோஃப்ரே மீனை நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்தார். கடலைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற ஒரு வார்த்தை அவரை அடித்துவிட்டது. நேராக அபெலார்தோ வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். எண்ணை எப்போதும் போலச் சொல்கிறேன், ஆனால் காகிதத்தில் எவ்வளவு வந்தாலும் அதில் பாதியைத்தான் பிடிக்க வேண்டும், மீதியைத் தொடக்கூடாது, என்றார். அபெலார்தோ சுவரிலிருந்த, மீனவர்களைக் காக்கும் புனித இராயப்பர் படத்தைத் தொட்டார்.

"இராயப்பர் மேல சத்தியம்டா. பாதிக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது. போதுமா?"

இராயப்பர் மேல் சத்தியம் செய்தால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். ஒனோஃப்ரேயும் கேட்கவில்லை. அடுத்த நாள், முந்தின நாள் கயிறு உட்பட எல்லாக் கயிற்றுக்கும் பங்கு சேர்த்துச் சொன்னார். ரெனாத்தா தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டாள்.

பிடிப்புக்காலம் வந்தது. அனுமதி தாராளமாக வந்திருந்தது. பாதியாவது கீதியாவது! முதல் நாளே எல்லாப் படகும் இறங்கின. "பாதின்னு சொன்னீங்களேண்ணே" என்று ஒனோஃப்ரே கேட்டதற்கு, "நான் ஒருத்தன் சொன்னா எல்லாரும் கேக்குறாங்களா? பள்ளிக்கூடம் திறக்குது, ஆளாளுக்குச் செலவு" என்று அபெலார்தோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் படகுதான் முதலில் போயிருந்தது.

பிடித்தார்கள், பிடித்தார்கள், பாதிகூடத் தேறவில்லை. அனுமதித்த எண்ணைக் காட்டி வரவழைத்த வியாபாரியின் லாரி, கரையில் ஐஸ் உருக உருக நின்றது. அவன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் பாதி லாரியோடு போனான். அன்று சாயங்காலம் படகுத்துறையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பிளவுப் பங்கு தெரியாத ஒரு குழந்தைகூடக் குவானில்யாவில் கிடையாது. ஆனால் யாராவது ஒருத்தர் அதை வாய்விட்டுச் சொன்னால் அப்புறம் எல்லோரும் சொல்ல வேண்டியிருக்குமே. அப்போதுதான் யெர்கோ பேசினான்.

"இருந்தது எங்கய்யா போச்சு? எண்ணி வெச்சதுதானே? கால் முளைச்சு நடந்தா போயிருக்கும்? எவனோ எடுத்திருக்கான்."

யெர்கோ யாரென்றால், ஒனோஃப்ரேயோடு ஒரே படகில் இருந்தவன். அவன் மகனின் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் ஒனோஃப்ரே. அன்றைக்கு யெர்கோ யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எவனோ என்றதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், அப்பாடா என்று. திருடன் இருக்கிறான் என்றால் கணக்கு சரி. கணக்கு சரியென்றால் நாங்கள் சரி.

அதற்கப்புறம் ஊர் வேலையில் இறங்கியது. ராத்திரியில் சங்கக் கடலில் இறங்கி எடுக்க வேண்டுமென்றால் எந்தப் பாறையில் எத்தனை என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்? எண்ணினவனுக்கு. போதாததற்கு, ஒனோஃப்ரேயின் மகள் கொக்கிம்போ பட்டணத்தில், திராட்சையைப் பெட்டியில் கட்டும் ஆலையில் வேலை பார்க்கிறாள். அந்தக் குளிர்காலத்தில்தான் தன் பழைய பிரிட்ஜை அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். நாலு பேர் சேர்ந்து வண்டியிலிருந்து இறக்கினார்கள். அந்த நாலு பேரில் யெர்கோ ஒருத்தன்.

"அவ்வளவு பெரிய பிரிட்ஜ் எதுக்கு, ரெண்டே பேர் இருக்குற வீட்டுல?" என்று ரொட்டிக்கடையில் பேசினார்கள்.

ஒனோஃப்ரேயின் மனைவி எதெல்மிரா சும்மா விடுகிற ஆளில்லை. பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்று சத்தம் போட்டாள். "வாங்கடி, வந்து பாருங்க! அரை வெங்காயமும் ஒரு பாத்திரம் பழங்கஞ்சியும் இருக்கு. அதையும் திருடுனதுன்னு சொல்லுங்க!"

ஒருத்தியும் வரவில்லை. ஆனால் ஒருநாள் சங்கத்து ஆட்கள் வந்து அவர்கள் வீட்டு முன்னால் செடிப் பாத்திக்கு வரம்பு கட்டியிருந்த லோக்கோ ஓடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் லோக்கோ ஓடு இல்லாத வீடு எது? சாம்பல் தட்ட ஓடு, சோப்பு வைக்க ஓடு, கோழிக்குத் தண்ணீர் வைக்க ஓடு. வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாகப் போன அந்த ஓடுகளைத் தூக்கி முகர்ந்து பார்த்தான் ஒருத்தன். ஒனோஃப்ரே கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அது எதெல்மிரா கல்யாணமாகி வந்த வருஷம் வெச்சதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

சங்கக் கூட்டம் கூட்டினார்கள். உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பேரை எடுப்பதற்கு. பேர் போனால் சங்கக் கடலில் கால் வைக்க முடியாது. நாற்பது வருஷமாக மூழ்கின மனுஷனுக்குக் கரை மட்டும்தான் மிஞ்சும். அதைவிட, திருடன் என்பது எழுத்தில் நின்றுவிடும். ஒனோஃப்ரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கம்பெனி சார்பில் ரெனாத்தாவும் வந்திருந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபெலார்தோ பேசி முடித்ததும் ஒனோஃப்ரே எழுந்தார். பேச வராத மனுஷன். தொப்பியைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"நான் எதையும் எடுக்கலை. எடுக்க அங்க ஒண்ணுமில்லை. பிளவுப் பங்கு சேர்த்துத்தானே சொன்னேன்? உங்களுக்கெல்லாம் தெரியும்ல? அந்தப் பங்குதான் காணாம போனது. அது என்னிக்கும் அங்க இல்லை."

வெளியே யாரோ படகை மணலில் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன பங்கு?" என்றான் யெர்கோ.

"டேய்," என்றார் ஒனோஃப்ரே.

"இல்ல, நிஜமாத்தான் கேக்குறேன். பிளவுப் பங்குன்னா என்ன? யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

ஒருத்தரும் கேள்விப்படவில்லை! நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பங்கைச் சேர்த்துச் சொல்லு என்று ஒனோஃப்ரேயைத் தோளில் தட்டிப் படகேற்றிய முகங்கள். எல்லாம் தரையைப் பார்த்தன. அபெலார்தோ மட்டும் பெரிய மனுஷத் தோரணையில் ரெனாத்தாவைக் கேட்டார்.

"மேடம், இந்த மாதிரி ஏதாவது சேர்க்கிறதா உங்களுக்குத் தகவல் உண்டா?"

ரெனாத்தா தலையை நிமிர்த்தினாள். ஒனோஃப்ரே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் சொல்லிவிடுவாள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

"அப்படி எதுவும் எங்க பதிவுல இல்லைங்க," என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. எழுந்து கத்தினேன். "அடிப்பாவி! மீனைக் கையில வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் உன்கிட்ட அழாத குறையாச் சொன்னாரே, நான் பக்கத்துல இருந்தேனே! நாங்களும் சேர்க்கிறோம்னு சொன்ன வாய்தானே இது? யெர்கோ, உன் வாய் அழுகிப் போகும்டா! உன் பிள்ளையைத் தூக்குன கைடா அது!"

"சுனில்டா, நீ உறுப்பினர் இல்லை. குழாய் பிடிக்கிறவங்களுக்கு இங்க பேச உரிமை கிடையாது. உக்காரு," என்றார் அபெலார்தோ.

"அவ அவரோட சித்தப்பா மகதானே, வேற எப்படிப் பேசுவா," என்று பின்னால் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கக் காரணம் கிடைத்ததில் அவர்களுக்கு அவ்வளவு நிம்மதி.

கை தூக்கச் சொன்னார்கள். ஒன்றொன்றாகத் தூக்கினார்கள். சிலர் முழங்கை மடங்கியபடி, காதைச் சொறிகிற மாதிரி தூக்கினார்கள். யெர்கோ நேராகத் தூக்கினான். ஒனோஃப்ரே தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் இருந்த இராயப்பர் சிலைக்கு வழக்கம்போலச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தச் சிலையைத் திருவிழாவில் படகேற்றுகிற ஆளே அவர்தான். அந்த வருஷத் திருவிழாவில் இராயப்பர் யெர்கோவின் படகில் போனார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். காணாமல் போனதெல்லாம் திருட்டு என்று ரெனாத்தா ரிப்போர்ட்டில் எழுதினாள். திருட்டு என்று எழுதியதால் கடலில் குறையேதும் இல்லை என்றானது. குறையில்லை என்பதால் அடுத்த வருஷ அனுமதி பெரிதாகக் குறையவில்லை. திருடனைத் தடுக்க மேட்டில் ஒரு காவல் குடிசை போட்டார்கள். கடலைப் பார்த்துப் போட்டால் காற்று அடிக்கிறது என்று வாசலை ஒனோஃப்ரேயின் வீட்டைப் பார்த்து வைத்தார்கள். புதுசாக எண்ணுகிறவன் யெர்கோ.

நான் அவனுக்குக் குழாய் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். வயிறு இருக்கிறதே. ஒருமுறை கீழே போனான் என்றால் குழாய் ஒரே இடத்தில் நிற்கும். ஏதோ ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு நேரத்தைப் போக்குவான். மேலே வந்து கண்ணைக்கூடச் சிமிட்டாமல் எண்ணைச் சொல்வான். ரெனாத்தா எழுதிக்கொள்வாள். இரண்டு பருவம் இப்படி ஓடியது. குஞ்சாக இருந்தவை உள்ளங்கை அகலம் வருவதற்கு முன்பே கொக்கியில் வந்தன. மூன்றாம் பருவத்தில் கொக்கிக்கும் ஒன்றும் வரவில்லை.

ஒனோஃப்ரே அந்த வருஷங்களில் கரையில் ஒதுங்கும் கடற்பாசியைப் பொறுக்கிக் காயவைத்து விற்றார். நனைந்த பாசி கனம் தாங்காமல் முதுகு வளைந்தது. மூழ்கிப் பழகிய உடம்பு மூழ்காமல் இருந்தால் மூட்டெல்லாம் துருப்பிடிக்கும். ராத்திரியெல்லாம் முனகுவார் என்று எதெல்மிரா சொல்வாள். வழியில் யாரும் அவரிடம் பேசுவதில்லை. ஒருநாள் நான்தான் கேட்டேன், "ஏண்ணே, கொக்கிம்போவுக்குப் போய் மக கூட இருக்கலாம்ல?" என்று.

"போனா திருடன் ஓடிட்டான்னு சொல்வாங்க சுனில்டா. நிஜமாவே திருடியிருந்தாலாவது வயிறு நிறைஞ்சிருக்கும்," என்றார்.

போன வருஷம், இலையுதிர்காலத்தில், ஒருநாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் டீயும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். அபெலார்தோவும் யெர்கோவும். பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள். எதெல்மிரா என் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உக்காருங்க," என்றார் ஒனோஃப்ரே.

"இல்லப்பா, நிக்கிறோம்," என்றார் அபெலார்தோ. வயசாகிவிட்டது அவருக்கும். "ஒனோஃப்ரே, நடந்தது நடந்துபோச்சு. நாங்க எதையும் மனசுல வெச்சுக்கலை. ஊரே பட்டினி. படகை விக்கிறாங்க. அதனால வந்தோம்."

"சொல்லுங்க."

"நீ எடுத்ததை விக்கலைன்னு எங்களுக்குத் தெரியும். வித்திருந்தா இப்படியா இருப்ப? எங்கயோ ஒரு பாறையில கொண்டுபோய் ஒட்டவெச்சிருக்க. திரும்ப உக்காரவெக்கிறதுல நீ கெட்டிக்காரன். இத்தனை வருஷத்துல அது பெருகியிருக்கும். எந்தப் பாறைன்னு மட்டும் சொல்லு. உன் பேரைத் திரும்பப் பட்டியல்ல சேர்த்துருவோம். யெர்கோவே எழுதித் தர்றேங்கிறான்."

யெர்கோ தலையாட்டினான். அவன் கண்ணைப் பார்த்தேன். நடிப்பில்லை. சத்தியமாக நம்பினான். என்ன பங்கு என்று மண்டபத்தில் பச்சைப் பொய் சொன்னவன், தான் சொன்ன பொய்யைத் தானே முழுங்கி, அதில் பசியாற வந்து நிற்கிறான். எதெல்மிரா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஒனோஃப்ரே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

ரொம்ப நேரம் அவர்களையே பார்த்தார். ஒவ்வொருத்தராக, எண்ணுகிற மாதிரி. பிறகு நிதானமாகச் சொன்னார்.

"சங்கக் கடல்லயேதான் இருக்கு. நான் வெளிய கொண்டுபோகலை. பிளவுக்குள்ள பாருங்க. எல்லாம் அங்கதான் இருக்கு."

அபெலார்தோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "தெரியும்டா, எனக்குத் தெரியும்டா," என்றார். அவர்கள் போனதும் ஒனோஃப்ரே ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

மறுநாள் விடிந்ததும் ஊரில் மிச்சமிருந்த படகெல்லாம் போயின. கடலோரத்தில் பெண்கள் சாக்கும் கூடையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். யெர்கோவுக்கு நான் குழாய் பிடித்தேன். என் வாழ்நாளில் அவன் அவ்வளவு ஒழுங்காக மூழ்கி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் போவான், நிற்பான், கொஞ்சம் போவான், நிற்பான். நிற்கும்போதெல்லாம் கையை உள்ளே விட்டுத் தேடுகிறான் என்று எனக்குக் குழாயிலேயே தெரிந்தது. கரையில் பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒனோஃப்ரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் யெர்கோ மேலே வந்தபோது இரண்டு கையும் முள்ளி குத்திக் கறுத்து வீங்கியிருந்தன. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் பார்க்கணும்" என்று திரும்ப இறங்கினான். நான் குழாயை விட்டுக்கொடுத்தேன்.